நாறாத குழி

ஏழாம் கூண்டைத் திறந்தவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

மூலையில் ஒரு பெட்டைக் காடை, கம்பி வலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் உச்சந்தலையில் இறகும் இல்லை, தோலும் இல்லை. பட்டாணி அளவுக்கு மண்டையோடு ஈரமாக வெளியே தெரிந்தது. ஆண் காடை அதன் முதுகில் ஏறி நின்று, கிழிந்த தோலின் விளிம்பை அலகால் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. தையல் பிரிக்கிற நிதானம் அதற்கு. மற்ற இரண்டு பெட்டைகளாவது சும்மா இருந்தனவா என்றால் அதுவும் இல்லை. ரத்தத்தைக் கண்டதும் ஓடி வந்து, தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு கொத்து வைத்துவிட்டு, போய்த் தண்ணீர் குடித்தன. கிண்ணத்துத் தண்ணீர் இளஞ்சிவப்பாகியிருந்தது.

பெரிய மருமகள் கிண்ணத்தை எடுத்து வெளியே கவிழ்த்தாள்.

பழைய சாமான் போட்டுவைத்திருந்த கொட்டகையை ஒழித்து, கூண்டு அடித்து, ஓர் ஆணுக்கு மூன்று பெட்டை என்று கணக்காகப் பிரித்துவிட்டு, இதை ஒரு பண்ணை என்று நாலு பேர் சொல்லும்படி ஆக்கியவள் அவள்தான். அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்ததெல்லாம் கழுத்துக் கயிற்றில் தொங்கிய கொட்டகைச் சாவி ஒன்றுதான். அதற்கும் போன வாரம் மாமியார் கெடு வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை குஞ்சுப் பொரிப்பகத்து அம்மாள் வந்து, விலைக்கு எடுக்கத் தாய்ப்பறவைகளைப் பார்ப்பாள். எடுத்துக்கொண்டால் சரி. வேண்டாம் என்று உதட்டைப் பிதுக்கினால் சாவி கொழுந்தன் சின்னவன் கைக்குப் போகும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

"என்ன, இன்னைக்கும் ரத்தக்களறிதானா?"

வாசலில் மாமியார் நின்றாள். மூக்கில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கொட்டகைக்குள் ஒரு கால் வைத்தால் தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்பது போல நிலைக்கு வெளியிலேயே நிற்பது அவள் வழக்கம்.

"ஒரு கூண்டுலதான், அத்தை. இப்ப பிரிச்சுடறேன்."

"ஒரு கூண்டா? முந்தாநாள் மூணாவது. அதுக்கு முன்னால அஞ்சாவது. எல்லாம் கைராசி. உன் கை பட்டா அடுப்புல வச்ச பால் கூடப் பொங்கி வழியுது, பறவை மட்டும் அடங்கி இருக்குமா?"

இன்னும் செய்ய என்ன இருந்தது? பல்பைக் குறைத்தாயிற்று. துரத்தப்படுகிற பெட்டை ஒளிந்துகொள்ளக் கூண்டுக்குள் தென்னங்கீற்றுத் தடுப்பு வைத்தாயிற்று. குளிக்க மணல் தட்டு. தீவனம் இரண்டு தடவை மாற்றியாயிற்று. ஆண்களின் அலகு நுனியை அரத்தால் தேய்த்து மழுக்கியாயிற்று. இத்தனைக்குப் பிறகும் வாரத்துக்கு இரண்டு மண்டை உரிந்துகொண்டுதான் இருந்தது.

"அண்ணி, ஆளுக்கொரு ஹெல்மெட் வாங்கி மாட்டிவிட்டுடுவோமா?" என்றான் சின்னவன், வண்டிச் சாவியைச் சுழற்றியபடி. பொரிப்பகத்து அம்மாளை அழைத்துவரக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"முதல்ல உன் வாய்க்கு ஒண்ணு மாட்டணும்."

"இந்த வாய் அளவுல கிடைக்காது, அண்ணி." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அதற்குள் அவள் கணவன் வெந்நீரும் ஊதா மருந்தும் கொண்டுவந்து வைத்தான். காயம்பட்ட பெட்டையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"பாவம்," என்றான்.

அவன் வாயில் எப்போதும் முதலில் வருகிற சொல் அதுதான். வீட்டில் அவனுக்குப் பேரே பூமனசு. எறும்புச் சாரை குறுக்கே போனால் சுற்றிக்கொண்டு போகிறவன். மாமியார் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவாள்.

"போய் அந்த முட்டை அறையைப் பாருப்பா. உனக்கு இதெல்லாம் பாத்தா சாப்பாடு இறங்காது," என்றாள் மாமியார் இப்போதும். அவனும் போய்விட்டான்.

அவள் ஏழாம் கூண்டு ஆணைப் பிடித்து வெளியே எடுத்தாள். கொழுத்த மார்பு, செம்பழுப்பு நிறம், நல்ல மினுமினுப்பு. அலகோரத்தில் ஒரு துணுக்குத் தோல் ஒட்டியிருந்தது. பிடித்த பிடியில் பின்பக்கத்திலிருந்து வெள்ளையாக நுரை தள்ளி அவள் மணிக்கட்டில் வழிந்தது. ஆண் காடைக்கு அங்கே நுரை ஊறும்; வெறி பிடித்ததற்கு அதிகம். அதைத் துடைக்கக் கூடத் தோன்றாமல் ஒரு கணம் கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு நின்றாள்.

பெட்டையை உரிக்கிற ஆணுக்கு அந்தக் கொட்டகையில் ஒரே சட்டம். பின்விரல் நகத்தில் நீல நெயில் பாலிஷ். அது கழிசடை என்று அடையாளம். மூடிக் கூடையில் போட்டு வாசல் பெஞ்சில் வைத்துவிட்டால், வெள்ளிக்கிழமை மாலையில் அவள் கணவன் எடுத்துப் போய்க் கழுத்தைத் திருகி, பின்பக்கக் குழியில் போட்டு மண் தள்ளிவிட்டு வருவான். வெறியன் போன கூண்டுக்குப் பெரிய அடைப்பிலிருந்து ஓர் ஆணைப் பொறுக்கி விடுவாள். பெட்டைகளே இல்லாமல் ஆண்கள் மட்டும் வளர்கிற அடைப்பு அது.

"பறவைக்கு நெயில் பாலிஷாம்! அடுத்தது என்ன, பவுடரா?" மாமியார் முகத்தைச் சுளித்தாள். "அந்த வாசனையே எனக்குக் குமட்டும். என் ஆயுசுல ஒரு நகத்துக்கு நான் பூசினதில்ல." சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அவள் பறவையைத் திருப்பிப் பிடித்து, பிரஷ்ஷை நகத்தில் வைத்தாள்.

வைத்தவள் நிறுத்திவிட்டாள்.

நகத்தின் அடிக்குழிவில், சதையோடு சேருகிற இடத்தில், ஏற்கெனவே நீலம் இருந்தது. காய்ந்து போன, ஒரு நூல் கனத்துக்கு நீலம். நகத்தின் மேல்பகுதி மட்டும் வெளிறிச் சொரசொரவென்று இருந்தது, யாரோ துடைத்தெடுத்தது போல.

அந்தக் கொட்டகை முழுவதிலும் நீலம் பூசுகிறவள் அவள் ஒருத்திதான். நீலம் பூசியது எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது.

அலமாரியில் பாட்டிலைத் தேடினாள். தப்பாகப் பூசிவிட்டால் அழிப்பதற்கென்று அவள் வைத்திருந்த ரிமூவர் பாட்டில் இருந்த இடத்தில் இல்லை. ஒரு வட்டத் தடம் மட்டும் தூசியில் இருந்தது.

பறவையின் நகத்தில் நீலத்தைத் திரும்பவும் அப்பினாள், சொட்டச் சொட்ட. கூடையில் போட்டு மூடினாள். பிறகு மூன்றாம் கூண்டு, ஐந்தாம் கூண்டு, இரண்டாம் கூண்டு என்று மிச்சக் கூண்டு எல்லாம். ஒவ்வொரு ஆணாகப் பிடித்துப் பின்விரலைப் பார்த்தாள். எல்லாவற்றின் நகமும் வெளிறியிருந்தது. ஒன்றை மூக்கருகே கொண்டுபோனாள். எச்சத்தின் காரத்துக்கு அடியில், பழுத்து அழுகிய பேரிக்காய் போல இனிப்பாக ரிமூவரின் நெடி.

அவற்றையும் நீலம் பூசி அதே கூடையில் போட்டு வாசல் பெஞ்சில் வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

குழி மேடாகத்தான் இருந்தது. மண் புதிதாகப் புரட்டியிருந்தது. வாரா வாரம் புரட்டுகிற மண். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டாள். வெயில் காலம். இத்தனை வாரத்துப் பறவைகள். முதல் வெட்டிலேயே என்னவெல்லாம் நெளிந்து வரும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு வெட்டினாள்.

மண் வந்தது.

இன்னும் வெட்டினாள். ஈர மண், ஒரு மண்புழு, உடைந்த ஓட்டுச் சில்லு. முழங்கால் ஆழத்துக்குப் போனாள். ஒரு இறகு இல்லை. ஓர் எலும்பு இல்லை. மூக்கில் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டு முகர்ந்து பார்த்தாள். மழை பெய்த தோட்டம் மாதிரி மணத்தது.

அந்த நல்ல வாசனைதான் அவளுக்குக் குடலைப் புரட்டியது. நாறியிருந்தால் தாங்கியிருப்பாள். குழியோரம் குனிந்து, காலையில் குடித்த டீயை வாந்தியெடுத்தாள். அந்தக் குழிக்குள் விழுந்த முதல் அசிங்கம் அதுதான்.

முட்டை அறையில் அவள் கணவன் தட்டுகளில் முட்டைகளைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றையும் இரண்டு விரலால், தூங்குகிற குழந்தையைப் புரட்டுவது போல.

"வெள்ளிக்கிழமை கூடையைத் தூக்கிட்டுப் போறீங்களே, எங்க போறீங்க?"

"எங்க போவாங்க? குழிக்குத்தான்."

"இப்பதான் தோண்டிப் பாத்துட்டு வரேன்."

அவன் கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தான். வேறொன்றை எடுத்தான். அதையும் வைத்தான்.

"ஒரு இறகு கூட இல்லைங்க."

"கையில எடுத்தா சூடா இருக்கும்மா," என்றான் கடைசியில். "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. கண்ணு நேரா நம்மளையே பாக்குது. அதை எப்படித் திருகுறது? பாவம்."

"எங்க விட்டீங்க?"

"வெளியில விடல. நாய் தின்னுடும். நம்ம பெரிய அடைப்புலதான் விட்டேன். அங்கதான் பெட்டையே இல்லையே, யாரைப் போய்க் கடிக்கப் போகுதுன்னு..."

அந்த அடைப்பிலிருந்துதான் அவள் ஆண் பொறுக்குவாள். மார்பு அகலமானதாக, இறகு மினுங்குவதாக, நிமிர்ந்து நிற்பதாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவாள். மற்றதை விரட்டிவிட்டுத் தீவனத்தைத் தின்று கொழுத்தது எதுவோ அதுதானே மினுங்கும்? மூன்றாம் கூண்டில் கழித்ததை ஐந்தில் விட்டிருக்கிறாள். ஐந்தில் கழித்ததை ஏழில். நகத்தில் நீலம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். பெட்டைகளின் மண்டையை உரிக்க ஆள் தேடித் தேடி அனுப்பியது அவள் கையேதான். கைராசி என்று மாமியார் சொன்னது பொய்யில்லை என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

"அத்தை என் கையைப் பழிச்சப்பல்லாம் பக்கத்துலதானே நின்னீங்க?"

"சொல்லணும்னுதான் நினைப்பேன்."

"அப்புறம்?"

"ஆம்பளை ஒரு காடையைக் கொல்லத் தெரியாதவன்னு தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவன் வாய் உனக்குத் தெரியாததா?"

"அதுக்கு, திட்டு எனக்கு விழட்டும்னு விட்டுட்டீங்க."

அவன் அவள் தோளில் கை வைத்தான். அன்பாகத்தான் வைத்தான்.

"உனக்குத்தான் பழகிப் போச்சே," என்றான்.

அந்தக் கையின் சூடு துணியைத் தாண்டி உள்ளே வந்தது. ஏழாம் கூண்டுப் பெட்டை போலத் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டது அவள் உடம்பு, அவளைக் கேட்காமலே. இத்தனை வருஷம் இதே கையைத்தான் பூ என்று நினைத்திருந்தாள்.

"எடுங்க கையை."

எடுத்தான்.

"நீலத்தை எதால துடைச்சீங்க? என் பாட்டிலாலதானே?"

"எந்த நீலத்தை?"

"நகத்துல இருந்ததை."

"நான் நகத்தையெல்லாம் பாக்கவே இல்லையே. கூடையைச் சாய்ச்சு விட்டுட்டு, திரும்பிக் கூடப் பாக்காம வந்துடுவேன். சத்தியமா."

இவ்வளவு பொய்யை விழுங்கியவனுக்கு இன்னொன்று தொண்டையில் நிற்குமா என்ன? அவள் நம்பவில்லை.

"அந்தம்மா வர்ற வரைக்கும் இந்த அறையை விட்டு நகரக் கூடாது. வந்தப்புறமும் என் கண்ணு முன்னாலயே இருங்க," என்றாள். அவனும் இருந்தான். இருவரும் முட்டை திருப்பினார்கள், வாசலில் வண்டி ஹாரன் கேட்கும் வரை.

பொரிப்பகத்து அம்மாளை அந்த வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் பூதக்கண்ணாடி அம்மா என்பார்கள். கழுத்தில் கண்ணாடி, காலில் ரப்பர் பூட்ஸ். யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். கூண்டு கூண்டாகப் பெட்டைகளை எடுத்து, தலை இறகை ஊதி விலக்கிப் பார்த்தாள். நல்லது இரண்டு, உரிந்தது ஒன்று. நல்லது ஒன்று, உரிந்தது இரண்டு. ஏழாம் கூண்டுப் பெட்டையைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"ஆணுங்களைக் காணோமே?"

"காலையிலதான் எல்லாத்தையும் எடுத்தேன்ம்மா. வெறி பிடிச்சதுங்க."

"யாரு பொறுக்கி விட்டது?"

கணவன் அவளுக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு அவளுக்குக் கேட்டது. அது சொல்லாக மாறும் என்று ஒரு மூச்சு நேரம் காத்திருந்தாள்.

"நான்தான்," என்றாள்.

"மண்டையோடு தெரியுற பறவையை நான் எடுத்துட்டுப் போக முடியாது, தாயி. ஆறட்டும். இறகு முளைக்கட்டும். அப்புறம் பாக்கலாம், பாக்காமலும் போகலாம்." பூதக்கண்ணாடி அம்மா கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஈரக் கையோடேயே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுச் சின்னவன் திரும்பும்போது, கூடத்தில் மாமியார் காத்திருந்தாள்.

"சாவி," என்றாள்.

"குடுக்கறேன், அத்தை. அதுக்கு முன்னால உங்க பெரிய பிள்ளைக்கு ஏதோ சொல்லணுமாம்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தன் செருப்பைப் பார்த்தான். பிறகு அம்மாவை. பிறகு மறுபடி செருப்பை.

"எனக்கு என்ன இருக்கு சொல்ல?" என்றான்.

அவள் கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றினாள். மாமியாரிடம் நீட்டவில்லை. கணவனிடம் நீட்டினாள்.

"நீங்களே வாங்கி உங்க தம்பிகிட்ட குடுங்க."

கொடுக்க மாட்டான் என்றுதான் நினைத்தாள். அவன் வாங்கினான். வாங்கித் தம்பியின் உள்ளங்கையில் வைத்தான். வைக்கும்போது அவள் பக்கம் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்தான். சத்தம் வரவில்லை. ஆனாலும் அது என்ன சொல் என்று அவளுக்குத் தெரியும்.

பாவம்.

சின்னவனுக்கே அது ரசிக்கவில்லை. "எனக்கு எதுக்கும்மா இந்த நாத்தம்?" என்று முனகிக்கொண்டே சாவியைப் பையில் போட்டான்.

அவள் விறுவிறுவென்று கொட்டகை வாசலுக்குப் போனாள். பெஞ்சில் இருந்த கூடையைத் தூக்கினாள். அதைக் கொண்டுவந்து படுக்கையறையில், கட்டிலில் அவன் படுக்கிற பக்கத்தில், தலையணைக்கு மேல் வைத்தாள். பின்னாலேயே ஓடி வந்தான் அவன்.

"என்ன பண்றே? விரிப்பெல்லாம் அசிங்கமாகுமே!"

"ஆகட்டும். வெள்ளிக்கிழமை வந்தா நீங்க எடுத்துட்டுப் போற ஜீவன்தானே? அதுவரைக்கும் நீங்களே வச்சுப் பாத்துக்கங்க. நான் இனிமே பொரிக்கிற மிஷின் பக்கத்துல பாயை விரிச்சுப் படுத்துக்கறேன். அங்க நாத்தம் கம்மி."

உள்ளே இருந்த ஒன்று கரகரத்த குரலில் கத்தியது. இன்னொன்று பதிலுக்குக் கத்தியது. கூடையின் பின்னல் வழியாக நுரை கசிந்து தலையணை உறையில் இறங்கியது. அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஒழுங்காப் பாருங்க. இதுதான் அந்தப் பெட்டையை உரிச்சது," என்று மூடியைத் திறந்து, ஏழாம் கூண்டு ஆணை வெளியே எடுத்துக் காலைத் திருப்பிக் காட்டினாள்.

காட்டியவள் தானும் பார்த்தாள்.

நகத்தில் நீலம் இல்லை.

காலையில் சொட்டச் சொட்ட அப்பிய நீலம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதிலும் இல்லை. எல்லா நகமும் வெளிறி, இன்னும் ஈரமாகக் கூட இருந்தது. அழுகிய பேரிக்காய் நெடி அறையெங்கும் எழுந்தது.

"நான் இல்லம்மா," என்றான் அவன். "நீ வந்து கேட்டதுலேர்ந்து உன் கூடவேதானே இருந்தேன்?"

உண்மைதான். இந்த ஈரம் குழி தோண்டிய நேரத்து ஈரம் இல்லை; அதற்குப் பிறகு அவன் அவள் கண்ணை விட்டு நகரவில்லை. சின்னவன் வண்டியோடு போயிருந்தான். வீட்டில் வேறு யார்?

கதவு நிலையில் மாமியார் நின்றிருந்தாள். துண்டு மூக்கில் இல்லை. முகத்தில் மருமகள் ஒருநாளும் பார்த்திராத கனிவு. உள்ளே வந்தாள். மருமகளின் கன்னத்தில் கை வைத்துத் தடவினாள். தொட்டுப் பேசுகிற வழக்கமே இல்லாதவள்.

"விடும்மா. அவன் மேல கோபப்படாதே. அவன் மனசு பூ. கொல்லச் சொன்னா அவன் எப்படிக் கொல்லுவான்?"

விரல் நுனிகள் கரகரவென்று உலர்ந்து வெளுத்திருந்தன. கன்னத்துக்கும் மூக்குக்கும் நடுவில் வெகு அருகில் இருந்தன. ஆயுசில் ஒரு நகத்துக்கும் பூசாதவளின் விரலில் அதே நெடி, அதே இனிப்பு.

பெரிய மருமகள் பின்வாங்கவில்லை. கையிலிருந்த பறவை நெஞ்சு படபடக்க அவள் விரல்களைக் கொத்திக்கொண்டிருந்தது. அதையும் அவள் விடவில்லை.

"அவர் கொல்லலைன்னு நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலையே, அத்தை," என்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கன்னத்தில் இருந்த கை அசையவில்லை. எடுக்கவும் முடியாமல், தடவவும் முடியாமல், அங்கேயே நின்றது.